பஜிரோவுக்கு 2.8 எஞ்சின் பொருந்துமா?

கேள்வி: ஐயா, என்னிடம் இருப்பது 1992ஆம் ஆண்டுப் பஜிரோ. 2.5 லீற்றர் டர்போ டீசல், கையால் மாற்றும் கியர். அப்பா வாங்கிய வண்டி. படகை ஏற்றிய டிரெய்லரைக் குச்சவெளி வரை இதில்தான் இழுத்துப் போகிறேன். ஆண்டுக்கு இரண்டு மூன்று தடவை குடும்பத்தோடு கண்டிக்கும் போவோம். மாத்தளை தாண்டினால் சூட்டு முள் மேலே ஏறிவிடுகிறது. இரண்டாம் கியரில்தான் ஏற முடிகிறது. கொழும்பில் பழைய வாகன உதிரிப்பாகம் விற்கும் பஞ்சிகாவத்தையில் 2.8 எஞ்சின் கிடைக்கும் என்கிறார்கள். மாற்றலாமா?
– வாசகர், நிலாவெளி

பதில்: மாற்றலாம், தம்பி. அந்த எஞ்சின் உங்கள் வண்டிக்கு அந்நியமானதல்ல. 1993இல் மிற்சுபிசி நிறுவனமே இதே இரண்டாம் தலைமுறைப் பஜிரோவில் 4எம்40 என்ற இந்த 2.8 எஞ்சினை வைத்து விற்கத் தொடங்கியது. உங்களிடம் இருப்பது 4டி56, 2477 சிசி. அது 2835 சிசி. ஏறத்தாழ 100 குதிரைவலு 125 ஆகும். இழுவிசை ஐந்தில் ஒரு பங்கு கூடும், அதுவும் நிமிடத்துக்கு 2000 சுற்றிலேயே கிடைக்கும். படகு இழுப்பவருக்கு வேண்டியது அதுதான். வேறு நிறுவனத்து எஞ்சினை வெட்டி ஒட்டித் திணிப்பதைவிட இது நூறு மடங்கு மேல்.

ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது அந்தச் சூட்டு முள். சிறிய எஞ்சின் மேட்டில் மெதுவாக ஏறும், கொதிக்காது. கொதிக்கிறதென்றால் அதற்கு நோய். நோயைப் பார்க்காமல் எஞ்சினை மாற்றினால், அதே நோய் புதிய எஞ்சினையும் பிடிக்கும்.

ஒரு கேள்வி கேட்கிறேன், மறைக்காமல் யோசியுங்கள்: றேடியேற்றருக்கு எந்தத் தண்ணீர் ஊற்றுகிறீர்கள்? கடலோரக் கிணற்றுத் தண்ணீர் உவர்ப்பு. அதை ஊற்றி ஊற்றி, குழாய்களுக்குள் சுண்ணாம்பு மாதிரிப் படிந்து அடைத்துப்போன றேடியேற்றர்களை எத்தனையோ கழற்றியிருக்கிறேன். வெளியே பார்த்தால் புதியது போலத்தான் இருக்கும். கழற்றி உள்ளே பாருங்கள். விசிறியின் நடுவில் இருக்கும் கிளட்ச் பழுதானால் சூட்டிலும் விசிறி சோம்பலாகவே சுற்றும், அதையும் பாருங்கள். பிறகு ஒரு காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது மட்டும், றேடியேற்றர் மூடியைத் திறந்துவிட்டு எஞ்சினை இயக்குங்கள். தண்ணீரில் குமிழி விடாமல் வந்தால் எஞ்சினின் மேல்பகுதியான ஹெட் வெடித்திருக்கலாம், அதன் அடியில் கசிவைத் தடுக்கும் கஸ்கெற்றும் போயிருக்கலாம். குமிழி இல்லையென்றால், எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவிலிருந்து போகும் இறப்பர்க் குழாய்களைத் தடவிப் பாருங்கள். ஒரு கீறலில் காற்றுக் கசிந்தாலே பாதி வலு போய்விடும்.

இவ்வளவும் பார்த்து, எஞ்சின் உண்மையிலேயே தேய்ந்துவிட்டது என்று தெரிந்தால் மட்டும் பஞ்சிகாவத்தைக்குப் போங்கள்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் நான் செய்த ஒரு பிழை. கச்சான் என்ற வெப்பக் காற்று வீசும் ஒரு காலத்தில், கந்தளாயிலிருந்து வந்த பஜிரோவுக்கு இதே 2.8ஐ ஏற்றினேன். உரிமையாளர் செலவைக் குறைக்கச் சொன்னார். நானும் இணங்கி, பழைய 2.5இன் றேடியேற்றரையே கழுவி மாட்டினேன். திருகோணமலை உவர்மலை ஏற்றத்தில் ஓட்டிப் பார்த்தோம். பாய்ந்து ஏறியது, இருவருக்கும் மகிழ்ச்சி. ஐந்தாம் நாள் மத்தியானம், ஹபரணைக்கு இப்பால் காட்டு வீதியில், ஏசி போட்டபடி பிள்ளைகளோடு வந்துகொண்டிருந்தவரின் வண்டி கொதித்து நின்றது. ஹெட்டில் வெடிப்பு. புதிய ஹெட்டின் பாதி விலையை நான் கொடுத்தேன். ஆனால் அந்தப் பிள்ளைகள் யானை நடமாடும் இடத்தில் மூன்று மணி நேரம் நின்றதை நினைத்தால் இன்றைக்கும் மனம் கூசுகிறது.

ஆகவே எஞ்சினைத் தனியாக வாங்காதீர்கள். அதன் கியர்பெட்டி, கிளட்ச், எஞ்சினைத் தாங்கும் மவுண்டிங், றேடியேற்றர், விசிறி மூடி, வைரிங் எல்லாம் ஒரே வண்டியிலிருந்து ஒன்றாக வரவேண்டும். முன்பக்கம் வெட்டி இறக்குமதியான பாதி வண்டி கிடைத்தால் இன்னும் நல்லது. ஒவ்வொரு துண்டாகத் தேடினால் கடைசியில் கூடுதலாகச் செலவாகும். டீசல் பம்ப் மின்னணுக் கட்டுப்பாடு இல்லாத பழைய வகையாக இருக்கட்டும். மின்னணு வகை என்றால் அதன் கணினிப்பெட்டி இல்லாமல் எஞ்சின் உயிர் பெறாது. வாங்குமுன் கடையிலேயே இயக்கிப் பாருங்கள். எண்ணெய் மூடியைக் கழற்றி எவ்வளவு புகை வருகிறது என்றும் பாருங்கள்.

4எம்40இல், வால்வுகளை நேரம் தவறாமல் இயக்க வைக்கும் டைமிங் பெல்ட் இல்லை, சங்கிலி. இது எனக்குப் பெரிய ஆறுதல். 4டி56இல் அதிர்வு குறைக்கும் தண்டுகளுக்கென்று ஒரு சின்னப் பெல்ட் உண்டு. அது அறுந்து பெரிய டைமிங் பெல்ட்டுக்குள் சிக்கினால், வால்வுகளை அழுத்தும் ராக்கர் கைகள் முறிந்து, வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். உங்கள் எஞ்சினையே வைத்திருப்பதாக முடிவு செய்தால் இரண்டு பெல்ட்டையும் ஒன்றாக மாற்றுங்கள். நான் 80,000 கிலோமீற்றருக்கு மேல் விடுவதில்லை.

பிரேக்கையும் மறக்க வேண்டாம். கூடுதல் வேகத்தில் படகையும் சேர்த்து நிறுத்தப் போவது அதுதான்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. 2025 பெப்ரவரியில் திறந்துவிட்ட பிறகும் விலை நம் கைக்கு எட்டவில்லை. அதனால் இப்படிப்பட்ட கடிதங்கள் எனக்குக் குவிகின்றன. உங்களுடையதற்கு நீளமாக எழுதியது, அது உங்கள் அப்பா வாங்கிய வண்டி என்பதால்.

கேள்வி: ஐயா, எஞ்சின் மாற்றிய ஜீப் ஒன்றை வாங்க என் கணவர் முற்பணம் கொடுக்கப் போகிறார். எஞ்சினில் உள்ள இலக்கமும் வண்டியின் பதிவுப் புத்தகத்தில் உள்ள இலக்கமும் வேறு வேறு. பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று விற்பவர் சொல்கிறார்.
– வாசகி, கிண்ணியா

பதில்: மகள், ஒரு ரூபாயும் கொடுக்க விடாதீர்கள். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் இலக்கத்தையும் சிசி அளவையும் திருத்திப் பதிவது விற்பவரின் வேலை. அந்த எஞ்சின் எங்கிருந்து வந்தது என்பதற்கான பற்றுச்சீட்டும் சுங்கப் பத்திரமும் அவரிடம் இருக்க வேண்டும். இல்லையென்றால் அது திருட்டு எஞ்சினாகக்கூட இருக்கலாம். விபத்து நடந்தால் காப்புறுதிக்காரர் முதலில் பார்ப்பதும் அந்த இலக்கத்தைத்தான். திருத்திய புத்தகத்தைக் கண்ணால் கண்ட பிறகு முற்பணம் கொடுக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: 2.8 ஏற்றிய பின் என் பஜிரோவின் முன்பக்கம் தாழ்ந்துவிட்டது. ஸ்பிரிங் மாற்ற வேண்டுமா?
– வாசகர், மூதூர்

பதில்: முன்பக்கத்தில் சுருள் ஸ்பிரிங் இல்லை, முறுக்குத் தண்டுதான் இருக்கிறது. புதிய எஞ்சின் கனம் கூடியது. தண்டின் முனையில் உள்ள போல்ட்டை இருபுறமும் சம அளவில் இறுக்கினால் உயரும். அளவுக்கு மீறினால் வண்டி மரக்கட்டை மாதிரிக் குதிக்கும். முடிந்ததும் சக்கர நேர்ப்படுத்தல் செய்யுங்கள்.

உங்கள் வண்டி கிண்ணியாப் பாலம் 2009இல் திறக்குமுன், வாகனங்களை ஆற்றுக்கு அக்கரை சேர்க்கும் ‘பாதை’ என்ற மிதவையில் ஏறி இறங்கி உப்புத் தண்ணீரில் நனைந்த காலத்து வண்டி. போல்ட்டைத் தொடுமுன், அந்தத் தண்டு பிடித்திருக்கும் சட்டத்தைச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். ‘டொக்’ என்று மந்தமாகக் கேட்டால் உள்ளே துரு தின்றிருக்கிறது. முதலில் இரும்பு ஒட்டும் வெல்டிங்காரரிடம் போங்கள்.