அமெரிக்க ராக் பாடகர் லூ ரீடின் ‘மெட்டல் மெஷின் மியூசிக்’ ஆல்பத்தை ரசிகர்கள் ஏன் கடையில் திருப்பிக் கொடுத்தார்கள்?

அதற்கு முந்தைய ஆண்டு வெளியான அவருடைய ஆல்பம் அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதல் பத்து இடங்களுக்குள் வந்திருந்ததால், 1975-இல் இதை வாங்கியவர்கள் பாடல்களையே எதிர்பார்த்தார்கள்; மேடையில் கறுப்புக் கண்ணாடியுடன் அவர் நிற்கும் அட்டைப்படமும் அந்த எதிர்பார்ப்பை வளர்த்தது. உள்ளே இருந்ததோ குரலும் தாளமும் மெட்டும் இல்லாத, ஒலிபெருக்கிகளின் எதிரில் வைக்கப்பட்ட கிட்டார்கள் தாமாக எழுப்பிய கிறீச்சொலி மட்டுமே. இரண்டு இசைத்தட்டுகள், நான்கு பக்கங்கள், பக்கத்துக்குச் சுமார் 16 நிமிடங்கள். போதாக்குறைக்கு, நான்காம் பக்கத்தின் கடைசிச் சுற்று மூடிய வளையமாக வெட்டப்பட்டிருந்ததால், கேட்பவர் எழுந்து முள்ளைத் தூக்கும்வரை ஒலி நிற்காது. (இதைக் குறும்பு என்றே நான் நினைக்கிறேன்.)

பலர் ஏமாற்றப்பட்டதாகவே உணர்ந்தார்கள்; அதை வெளியிட்ட இசைத்தட்டு நிறுவனமும் சில வாரங்களிலேயே ஆல்பத்தைத் திரும்பப் பெற்றது. அந்த நிறுவனத்துடனான ஒப்பந்தத்தை முறிக்க ரீட் செய்த தந்திரம் என்ற பேச்சு இன்றும் உண்டு. ஆனால் இது தீவிரமான முயற்சியே என்று ரீட் பின்னாளில் வலியுறுத்தினார். இரைச்சலையே இசையாக்கும் கலைஞர்கள் இதை முன்னோடியாகக் கொண்டாட, 2002-இல் பெர்லினில் ஒரு குழு இந்த ஒலிகளைத் தாளில் குறிப்புகளாக எழுதி வயலின், செல்லோ முதலிய கருவிகளில் வாசித்தபோது, ரீடும் மேடையேறி உடன் வாசித்தார்.