வாசகர் கேள்வி: கடைசி சீட் ஆருக்கு?

கேள்வி: புறாமலைக்குப் போற போட்டுக்கு சீட் போட உப்புவெளியில ஒரு கவுண்டர், நிலாவெளியில ஒண்டு வச்சிருக்கிறம். போன கிழமை கடைசி சீட்ட ரெண்டு பொடியன்மாரும் குடுத்திட்டாங்க. நிலாவெளி பில்லில 9.14, மற்றதில 9.16. உப்புவெளி ஆள் தான்தான் முதல் வந்ததெண்டு ஒரே சண்டை. பில்லில இருக்கிற டைம நம்பலாமா?
– போட்காரர், உப்புவெளி

பதில்: நம்ப ஏலாது. கொம்பியூட்டருக்குள்ள டைம் எண்ணுற குவார்ட்ஸ் கல்லு பத்து லட்சத்தில இருபது பங்கு பிசகினாலே நாளைக்கு ஒண்டே முக்கால் செக்கன் கிட்ட ஓடிப்போகும், ரெண்டு மாசம் ஆரும் பாக்காட்டி ஒன்றரை நிமிசத்துக்கு மேல, இதில மதர்போர்ட் பற்றரியும் செத்திருந்தா கரண்ட் போய் வாறதோட டைம் எங்கயோ நிக்கும். முதல்ல என்டிபிய (நெட்டில இருந்து சரியான டைம எடுத்து மெசினில வைக்கிற முறை) ஓன் பண்ணுங்க, 1985ல டேவிட் மில்ஸ் கொண்டு வந்தது, சும்மா கிடைக்குது. அதுக்கு டைம் சொல்லுற சேர்வர் ரெண்டு மட்டும் குடுக்காதீங்க, ரெண்டும் வேற வேற டைம் சொன்னா எது பிழையெண்டு எப்பிடிக் கண்டுபிடிக்கிறது? நாலு குடுத்தா ஒண்டு கெட்டாலும் மற்ற மூண்டும் காட்டிக் குடுத்திடும்.

ஆனா உங்கட சண்டை இதால தீராது. லெஸ்லி லாம்போர்ட் எண்ட கொம்பியூட்டர் விஞ்ஞானி 1978லயே எழுதிட்டார்: ரெண்டு மெசின் தங்களுக்குள்ள ஒரு மெசேஜும் அனுப்பாம செய்த வேலைக்கு எது முந்தினது எண்டு அந்த சிஸ்டத்துக்குள்ள இருந்து சொல்லவே ஏலாது. கூகிள்காரங்கள் ஸ்பானர் எண்ட தங்கட டேட்டாபேசுக்கு ஜிபிஎஸ்ஸும் அணுக்கடிகாரமும் வச்சிருந்தும், இவ்வளவு பிசகு வரலாமெண்டு கணக்குப் போட்டு அந்தளவு நேரம் பொறுத்துத்தான் எழுதினதை உறுதிப்படுத்துறாங்கள், நாங்க எந்த மூலைக்கு!

அதால டைமப் பாக்கிறத விட்டுட்டு சீட் கணக்க ஒரே மெசினில வையுங்க, மற்ற கவுண்டர் அதுகிட்ட கேட்டுத்தான் பில் அடிக்கோணும். அந்த மெசின் படுத்தா எண்டு கேப்பீங்க. மூண்டு மெசின் வச்சு ரெண்டு ஒத்துக்கொண்டாத்தான் சீட் எண்டு பண்ணலாம், பெரிய கொம்பனிகள் அப்பிடித்தான், ஒரு போட்டுக்கு அது தேவையில்லாத செலவு. நிலாவெளிக்கு ரெண்டு சீட்ட முதல்லயே ஒதுக்கி விடுங்க, லைன் இல்லாத நேரம் அந்த ரெண்ட மட்டும் விக்கட்டும்.

உப்புவெளி ஆளுக்கு காசத் திருப்பிக் குடுத்து அடுத்த போட்டில சும்மா ஏத்தி விடுங்க.