காட்டில் 'வேண்டாம்' என்று யார் சொல்வது?

வணக்கம் ஐயா,

போன மாதம் அலுவலக நண்பர்களோடு மசினகுடிப் பக்கம் ஒரு ரிசார்ட்டில் இரண்டு நாள் தங்கினோம். வாசலிலேயே 'சூழல் சுற்றுலா' என்று பலகை. மூங்கில் குடில், மண் குவளை, பிளாஸ்டிக்கே கிடையாது. சந்தோஷமாகத்தான் இருந்தது. இரவு பத்து மணிக்கு மேல் ஜீப்பில் கூட்டிப்போனார்கள். ஒரு திருப்பத்தில் தாய் யானையும் குட்டியும் நின்றன. டிரைவர் பெரிய விளக்கை எடுத்து அடித்தார். குட்டி தாயின் வயிற்றுக்கடியில் புகுந்துகொண்டது. "போதும் அண்ணா, லைட்டை அணைங்க" என்றேன். "யானை காட்டலைன்னா அடுத்த ட்ரிப் எனக்குக் கிடைக்காதும்மா" என்றார். ஊர் திரும்பியும் அது மனதை விட்டுப் போகவில்லை.

சூழல் சுற்றுலா என்பதே ஏமாற்றா? நாம் போகாமல் இருப்பதுதான் காட்டுக்கு நல்லதா? மே மாதம் அக்கா பிள்ளைகளைக் காட்டுக்குக் கூட்டிப்போவதாகச் சொல்லியிருக்கிறேன். போகலாமா?

பெயர் போட வேண்டாம் ஐயா.

கோவையிலிருந்து ஒரு வாசகி

*

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். மூன்று முறையும் அந்த டிரைவர் சொன்ன இடத்தில் நின்றுவிட்டேன். "அடுத்த ட்ரிப் எனக்குக் கிடைக்காது." நீங்கள் கேட்ட எல்லாக் கேள்விக்கும் பதில் அந்த ஒரு வரியில் இருக்கிறது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இரவில் விளக்கடித்து விலங்கு காட்டுவது சட்டவிரோதம். உங்களை அழைத்துப்போனவர்களுக்கு அது நன்றாகத் தெரியும். மண் குவளை வைத்தால் அது சரியாகிவிடாது.

நீங்கள் தங்கிய சீகூர் பகுதியை வரைபடத்தில் பாருங்கள். ஒரு பக்கம் நீலகிரியின் செங்குத்துச் சரிவு, மறு பக்கம் மாயாற்றுப் பள்ளத்தாக்கு. யானையால் இரண்டிலும் நினைத்தபடி ஏறி இறங்க முடியாது. நடுவில் இருக்கிற ஒடுங்கிய சமவெளிதான் முதுமலையிலிருந்து சத்தியமங்கலம் பக்கம் போவதற்கு அதன் வழி. மேற்குத் தொடர்ச்சி மலையும் கிழக்குத் தொடர்ச்சி மலையும் கைகோக்கிற இடம் அது. அந்த வழியில்தான் குடிலும் வேலியும் மின்கம்பியும் வந்தன. 2010-இல் தமிழ்நாடு அரசு அதை யானை வழித்தடமாக அறிவித்தது. ரிசார்ட்காரர்கள் வழக்குப் போட்டார்கள். 2011-இல் சென்னை உயர் நீதிமன்றம் அரசின் பக்கம் நின்றது, 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. தீர்ப்பு வந்து மூன்று மாதம்தான் ஆனது. மசினகுடியில் ஒரு தங்கும் விடுதிக்கு அருகே வந்த யானையை விரட்ட, எரிகிற துணியோ டயரோ எதையோ அதன் மேல் வீசினார்கள். காதில் நெருப்புப் பற்றிக்கொண்டு அது இருட்டில் ஓடிய வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். 2021 ஜனவரியில் அது செத்தது. வனத்துறை ஊழியர் ஒருவர் அதன் தும்பிக்கையைத் தடவிக்கொண்டு அழுதாரே, அந்த அழுகை இன்னும் என் காதில் இருக்கிறது.

இதைச் சொல்லிவிட்டு டிரைவர் மேல் பழியைப் போட எனக்கு மனம் வரவில்லை. ஜீப்புக்குத் தவணை கட்ட வேண்டும், வீட்டில் அடுப்பெரிய வேண்டும். ட்ரிப் கொடுப்பது ரிசார்ட். பணத்தில் பெரும்பங்கு வெளியூர் முதலாளிக்கு. இருளர், குறும்பர் பிள்ளைகள் அங்கே அறை கூட்டுகிறார்கள், தோட்டம் பார்க்கிறார்கள். யானை எந்த மாதம் எந்த ஓடையில் இறங்கும் என்று அவர்களுக்குத் தெரியும். அந்த அறிவுக்கு அங்கே கூலி கிடையாது. "இன்னைக்கு வேண்டாம்" என்று சொல்லும் உரிமை அந்த டிரைவருக்கும் இல்லை, அவர்களுக்கும் இல்லை.

அந்த உரிமை இருக்கிற ஓர் இடத்தையும் நான் பார்த்திருக்கிறேன்.

தேக்கடிக்கு நாம் போவது பெரும்பாலும் படகுக்காகத்தான். 1895-இல் முல்லைப் பெரியாறு அணை கட்டியதால் உண்டான ஏரி அது. தேனி, மதுரைப் பக்கத்து வயலுக்குப் பாயும் தண்ணீர். அந்தக் காட்டில் வயணப் பட்டை திருடிப் பிழைத்த ஒரு கூட்டம் இருந்தது. வயணம் என்பது காட்டு இலவங்கப்பட்டை மரம். பட்டைக்காக மரத்தையே சாய்த்துவிடுவார்கள். 1990-களின் பிற்பகுதியில், உலக வங்கி நிதியோடு அங்கே ஒரு திட்டம் நடந்த காலத்தில், வனத்துறை அவர்களோடு உட்கார்ந்து பேசியது. இருபதுக்கும் மேற்பட்டவர்கள் திருட்டை விட்டுவிட்டு வழிகாட்டிகளானார்கள். பயணிகள் ஐந்தாறு பேர், வழிகாட்டிகள் ஏறக்குறைய அதே எண்ணிக்கை, துப்பாக்கியோடு ஒரு வனக்காவலர். காட்டுக்குள் கூடாரத்தில் தங்கி நடக்கும் பயணம். நடக்கிற வழியெல்லாம் ரோந்தும் ஆகிவிடுகிறது.

சில வருடங்களுக்கு முன் அவர்களோடு நடந்தேன். புறப்படும் முன் அட்டைப்பூச்சி ஏறாமலிருக்க முழங்கால் வரை உறை மாட்டச் சொல்லி, அதன் மேல் மூக்குப்பொடியைத் தூவினார் ஒரு பெரியவர். ஐம்பத்தைந்து வயதிருக்கும். தமிழும் மலையாளமும் கலந்த பேச்சு. ஒரு மரத்தருகே நின்றார். இடுப்புயரத்தில் பட்டை உரிந்து, ஓரங்கள் உதடு போலத் தடித்து மூடிக்கொண்டிருந்தன. "இது நான் வெட்ட ஆரம்பிச்சது சார். ஆள் வர்ற சத்தம் கேட்டு ஓடிட்டோம். அதனால இது தப்பிச்சிருச்சு" என்றார். வெட்கமும் இல்லை, பெருமையும் இல்லை, தெரிந்தவரைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னார்.

அப்புறம் புல்வெளி ஓரத்தில் யானை லத்தி கிடந்தது. குனிந்து புறங்கையை வைத்துப் பார்த்தார். அடுத்தவரும் வைத்துப் பார்த்தார். இருவரும் பேசிக்கொள்ளவில்லை, சேர்ந்தாற்போல் திரும்பினார்கள். "இன்னைக்கு அந்தப் பக்கம் வேண்டாம். குட்டியோட இருக்கு." எங்களில் ஒருவர் பொருமினார். இவ்வளவு பணம் கட்டி வந்திருக்கிறோமே என்றார். பெரியவர் கோபப்படவில்லை, சமாதானமும் சொல்லவில்லை, வேறு பாதையில் நடக்க ஆரம்பித்துவிட்டார். அன்று யானையைப் பார்க்கவில்லை. ஆனால் யானையை மதிப்பது எப்படி இருக்கும் என்று பார்த்தேன்.

உங்கள் டிரைவருக்கும் இந்தப் பெரியவருக்கும் மனதில் பெரிய வேறுபாடு இருக்காது என்றே நம்புகிறேன். பெரியவர் யானை காட்டாவிட்டாலும் மறுநாள் அவருக்கு வேலை உண்டு. சுற்றுலாவில் வரும் பணம் அவர்கள் குழுவுக்கும் காட்டைப் பார்த்துக்கொள்வதற்கும் போகிறது. பக்கத்துப் பெண்கள் 2002-இல் 'வசந்த சேனை' என்று சேர்ந்து, முறை வைத்துக் காட்டைச் சுற்றி வரத் தொடங்கினார்கள். சம்பளம் வாங்காமல்! காடு தங்களுடையது என்ற எண்ணம் வந்தால்தான் இது நடக்கும்.

தேக்கடியில் எல்லாம் சரி என்று சொல்ல வரவில்லை. அதே ஏரியில் 2009 செப்டம்பர் 30 அன்று இரண்டடுக்குச் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். கரையில் விலங்கைக் கண்டு எல்லோரும் ஒரு பக்கம் சாய்ந்ததாகச் சொன்னார்கள். கூட்டத்தை ஏற்றி விலங்கு காட்டும் அந்த வகைச் சுற்றுலாவும், ஐந்தாறு பேர் நடக்கும் இந்த வகையும் ஒரே காட்டில் நடக்கின்றன. 2020-இல் கொரோனா வந்தபோது சுற்றுலா அடியோடு நின்றது. அதை மட்டும் நம்பியிருந்த வீடுகள் எல்லா ஊரிலும் தவித்தன. காட்டு ஊருக்குச் சுற்றுலா ஊறுகாய் போல இருக்கலாம், சோறாக இருக்கக் கூடாது.

எண்ணிக்கை பற்றியும் சொல்ல வேண்டும். புலிகள் காப்பகங்களின் மையப்பகுதியில் 20 சதவீதத்துக்கு மேல் சுற்றுலாவுக்கு விடக் கூடாது என்று 2012-இல் விதி வந்தது. 2025 ஏப்ரலில் நீலகிரிக்குள் வார நாட்களில் 6000 வண்டி, வார இறுதியில் 8000 என்று உயர் நீதிமன்றம் கட்டுப்பாடு வைத்தபோது வியாபாரிகள் கடையடைப்பு நடத்தினார்கள். அவர்கள் கோபம் எனக்குப் புரிகிறது. நீதிமன்றம் வந்து வண்டியை எண்ணும் வரை நாம் விட்டிருக்கக் கூடாது என்பதுதான் என் வருத்தம். கட்டுப்பாடு நம் மக்களுக்குப் புதிதல்ல. தேக்கடியைச் சூழ்ந்த அதே பெரியாறு காட்டுக்குள் மங்கலதேவி கண்ணகி கோயில் இருக்கிறது. வருடத்தில் சித்ரா பௌர்ணமி ஒரு நாள்தான் வழிவிடுகிறார்கள். பக்தர்கள் காத்திருந்து போய்க் கும்பிட்டுவிட்டு அன்றே இறங்கிவிடுகிறார்கள். கண்ணகிக்குக் காத்திருக்கிற நம்மால் யானைக்கும் காத்திருக்க முடியும்.

அதனால் போகாதீர்கள் என்று சொல்ல மாட்டேன். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். வனத்துறை மூலமே பதிவு செய்யுங்கள். கூட வரும் வழிகாட்டி எந்த ஊர், அவருக்கு யார் சம்பளம் தருகிறார்கள் என்று கேளுங்கள், சொல்வார்கள். சிறுவர்களுக்குக் கூடார நடை கடினம், காலையில் மூன்று மணி நேரம் போகிற சின்ன நடை போதும். பளிச்சென்ற சட்டை வேண்டாம். ஒன்றும் தென்படாமல் திரும்பலாம் என்று கிளம்பும் முன்பே பிள்ளைகளிடம் சொல்லி வையுங்கள்.

அந்த டிரைவரின் எண் உங்களிடம் இருந்தால் ஒரு முறை கூப்பிட்டுப் பேசுங்கள். விளக்கை அணைக்கச் சொன்ன பயணியை அவரும் மறந்திருக்க மாட்டார்.

அன்புடன்.