தொண்ணூற்றொன்பது முறை ஜெயித்தாலும்...

கேள்வி: இங்கிலாந்து உள்நாட்டுப் போரில் நாடாளுமன்றப் படைத் தளபதியாக இருந்த மான்செஸ்டர் பிரபு, கையில் சிக்கிய சார்லஸ் ராஜாவைத் தப்பவிட்டாராமே! அவர் கோழையா, துரோகியா? ஐந்து கல்யாணம் வேறு செய்துகொண்டாராம்?

பதில்: கோழையும் இல்லை, துரோகியும் இல்லை. அவர்மீது குற்றம் சாட்டியவர், அவருக்குக் கீழே குதிரைப்படைத் தளபதியாக இருந்த ஆலிவர் கிராம்வெல். கடைசியில் ஜெயித்தவரும் கிராம்வெல்தான். அதனால் குற்றப்பத்திரிகையே சரித்திரமாகிவிட்டது.

முதலில் கோழை விஷயம். 1642 ஜனவரி 3-ஆம் தேதி ராஜா தேசத்துரோகக் குற்றம் சாட்டிய ஆறு பேரில் ஐந்து பேர் மக்கள் சபைக்காரர்கள். பிரபுக்கள் சபையிலிருந்து மாட்டியவர் இந்த எட்வர்ட் மான்டேகு ஒருவர்தான். (அப்போது கிம்போல்ட்டன் பிரபு, அதே வருஷம் நவம்பரில் தந்தை இறந்த பிறகே மான்செஸ்டர் ஏர்ல் என்ற பிரபுப் பட்டம்.) குற்றம் நிரூபணமாகியிருந்தால் தலை போயிருக்கும். 1644 ஜூலை 2, மார்ஸ்டன் மூர் போரில் நாடாளுமன்றத்தின் கூட்டாளியான ஸ்காட்லாந்துப் படையின் தளபதி லெவன், தோற்றுவிட்டோம், எல்லாம் முடிந்தது என்று களத்தை விட்டே போய்விட்டார். மான்செஸ்டரும் ஓட்டத்தில் அடித்துச் செல்லப்பட்டார். ஆனால் திரும்பி வந்தார். போரில் ஜெயித்த பிறகு இரவு பதினொரு மணிக்குக் குதிரையில் சுற்றி வந்து, பட்டினி கிடந்த சிப்பாய்களுக்கு நன்றி சொன்னார் என்று அவருடைய படைக் குருவே எழுதிவைத்திருக்கிறார்.

அதன் பிறகுதான் கோளாறு. ராஜா தரப்பிடமிருந்த யார்க் நகரம் விழுந்ததும் மனிதர் கிழக்கு மாவட்டங்களில் போய் உட்கார்ந்துவிட்டார். ராஜாவை எதிர்க்க மேற்கே போ, போ என்று லண்டனிலிருந்து உத்தரவு வந்துகொண்டே இருந்தது, இவர் நகரவில்லை. சம்பள பாக்கி, நோய், சுருங்கிப்போன படை என்று காரணங்கள் உண்டு; பொய்யான காரணங்களும் அல்ல. ஆனால் ஜான் லில்பர்ன் என்ற அதிகாரி தன் இஷ்டத்துக்கு டிக்ஹில் கோட்டையைப் பிடித்துக் கொடுத்தபோது, பாராட்டுக்குப் பதிலாக 'உன்னைத் தூக்கில் போட வேண்டும்' என்று சீறியதற்கு என்ன காரணம் சொல்வது? பாம்பை அடிக்கவும் வேண்டும், அது சாகவும் கூடாது என்ற நிலைக்கு அவர் வந்துவிட்டார்.

நீங்கள் கேட்கும் 'தப்பவிட்ட' கதை, 1644 அக்டோபர் 27, இரண்டாம் நியூபரி போர். ராஜாவிடம் சுமார் 9,000 பேர். நாடாளுமன்றத்திடம் ஏறக்குறைய இரட்டிப்பு. திட்டம் இது: நாடாளுமன்றத் தளபதிகள் வாலர், ஸ்கிப்பன், கிராம்வெல் ஆகியோர் பெரும்படையோடு வடக்கே சுமார் 13 மைல் சுற்றிப் போய், மேற்கேயுள்ள ஸ்பீன் கிராமத்தில் தாக்க வேண்டும். அங்கே பீரங்கி முழங்கியதும் மான்செஸ்டர் வடகிழக்கிலிருந்து ஷா மாளிகைமீது பாய வேண்டும். காகிதத்தில் பிரமாதம். ஆனால் அன்று காலையிலிருந்தே இரு தரப்பும் சுட்டுக்கொண்டிருந்தன. இதில் எந்த வெடி அடையாள வெடி? சுற்றிப் போனவர்கள் தாக்குதலைத் தொடங்கவே மாலை மூன்று மணி ஆயிற்று. அக்டோபர் 27 என்பது இன்றைய காலண்டரில் நவம்பர் 6. நாலரை மணிவாக்கில் சூரியன் அஸ்தமனம். மான்செஸ்டர் முழு பலத்தோடு இறங்கியபோது வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. மாளிகையிலிருந்து அவரை அடித்துத் துரத்திவிட்டார்கள். இருட்டில் ராஜா பீரங்கிகளை டானிங்டன் கோட்டையில் விட்டுவிட்டு நழுவினார். அன்று கிராம்வெலின் குதிரைப்படையும் ஒன்றும் கிழித்துவிடவில்லை என்பதை அவருடைய பக்தர்கள் சொல்வதில்லை. பிரதான தளபதி எஸெக்ஸ் நோயில் படுத்திருந்தார். படையை நடத்தியது ஒரு கமிட்டி. பழி மட்டும் ஒரே ஆள் தலையில்.

நவம்பர் 9-ல் ராஜா திரும்பி வந்து பீரங்கிகளை எடுத்துக்கொண்டார். தடுத்துச் சண்டை போடலாமா என்று மறுநாள் ஆலோசனை. அங்கேதான் மான்செஸ்டர் சொன்னார்: ராஜாவை நாம் தொண்ணூற்றொன்பது முறை ஜெயித்தாலும் அவர் ராஜாதான், அவருக்குப் பின் அவர் வாரிசும் ராஜாதான், அவர் நம்மை ஒரே ஒரு முறை ஜெயித்தால் நாம் எல்லோரும் தூக்கில். கிராம்வெல் விடவில்லை: அப்படியானால் முதலில் ஏன் ஆயுதம் எடுத்தோம்?

என் தீர்ப்பு: கேள்வி கிராம்வெலுடையது நியாயம், கணக்கு மான்செஸ்டருடையது சரி. அந்தக் கணக்கை மாற்ற ராஜாவின் தலையை வெட்டுவது ஒன்றுதான் வழி. 1649-ல் கிராம்வெல் அதைத்தான் செய்தார். அப்படியும் 1660-ல் வாரிசு வந்து உட்கார்ந்தார்!

மான்செஸ்டரை வெளியேற்றிய விதம் பார்க்க வேண்டியது. எம்.பி.க்களும் பிரபுக்களும் படைப் பதவி வகிக்கக் கூடாது என்று ஒரு சட்டம். முதல் வடிவத்தைப் பிரபுக்கள் சபை நிராகரித்தது. 1645 ஏப்ரல் 3-ல் நிறைவேறிய வடிவத்தில், நாற்பது நாளுக்குள் பதவியை விட வேண்டும். மறுபடி நியமிக்கக் கூடாது என்ற வாசகம் மட்டும் இல்லை. சட்டம் நிறைவேறுவதற்கு முந்தின நாளே மான்செஸ்டர் ராஜினாமா செய்துவிட்டார். கிராம்வெல் அந்த இடுக்கு வழியாகப் படைக்குள்ளேயே தங்கிவிட்டார்.

துரோகி என்கிறீர்களே, 1649 ஜனவரி 2-ல் ராஜாமீதான விசாரணைச் சட்டத்தைப் பிரபுக்கள் சபையில் வெளிப்படையாக எதிர்த்தவர் இவர். புதிய குடியரசுக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்க மறுத்து, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக வேந்தர் பதவியை 1651-ல் இழந்தார். ராஜாவின் மகன் திரும்பி வந்ததும் அந்தப் பதவியும் கிடைத்தது, அரண்மனைப் பதவியும் கிடைத்தது.

ஐந்து கல்யாணம் உண்மைதான். ஆனால் ஒருவர் இறந்த பிறகே அடுத்தவர். ஐந்தாமவர்தான் 1671-ல் இவரை அனுப்பிவைத்தார். வம்பு வேண்டுமென்றால் நாலாவதைப் பாருங்கள்: அந்த அம்மாள், இரண்டாவது மனைவியின் தகப்பனாருடைய விதவை. அதாவது, மாமனாரின் மனைவி.