மூக்கில் வைரஸ் என்று தெரிந்த பிறகும் ரத்தம் எதற்கு?

கேள்வி: இரண்டரை வயது மகனுக்குக் காய்ச்சல். மூக்கில் குச்சி விட்டு பிசிஆர் (கிருமியின் மரபணுவைத் தேடும் சோதனை) எடுத்து ரைனோவைரஸ் (சாதாரணச் சளி வைரஸ்) என்றார்கள். அப்புறம் விரலில் குத்தி சிஆர்பி (உடம்பில் அழற்சி இருந்தால் ரத்தத்தில் ஏறும் புரதம்) வேறு பார்த்தார்கள். பில்லை ஏற்றத்தானா?

நான் டாக்டர் இல்லை. சிங்கப்பூரில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை, வீட்டில் பாலர் பள்ளி போகும் மகள். இரண்டும் சேர்ந்ததால் இதில் கொஞ்சம் அடிபட்டிருக்கிறேன்.

பில்லுக்காகச் செய்பவர்களே இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் உங்கள் மகன் விஷயத்தில் காரணம் இருக்கிறது. ரைனோவைரஸ் சின்னப் பிள்ளைகள் மூக்கில் சும்மாவே குடியிருக்கும். நன்றாக ஓடி விளையாடும் பிள்ளைக்கு பிசிஆர் எடுத்தாலும் பாசிட்டிவ் வரலாம். போன சளியின் மிச்சம் வாரக்கணக்கில் கிடக்கும். இந்தக் காய்ச்சலுக்கு அதுதான் காரணமா என்று உடம்பைத்தான் கேட்க வேண்டும்.

வைரஸ் செல்லுக்குள் புகுந்தால் இன்டர்ஃபெரான் சுரக்கும். அது தூண்டிவிட, வெள்ளணுக்களில் எம்எக்ஸ்ஏ என்ற புரதம் ஏறும், ரத்தத்தில் ஐபி-10 என்ற இன்னொரு புரதம் ஏறும். மூக்கில் சும்மா ஒட்டிக்கொண்டிருக்கும் வைரஸுக்கு எம்எக்ஸ்ஏ பெரிதாக அசையாது. பாக்டீரியா என்றால் கல்லீரல் சிஆர்பியைக் கொட்டும். எனக்குப் பிடித்தது டிரெயில் என்ற ரத்தப் புரதம்: வைரஸுக்கு ஏறும், பாக்டீரியாவுக்கு இறங்கும். டிரெயில், ஐபி-10, சிஆர்பி மூன்றையும் சேர்த்துக் கணக்குப் போடும் மீமெட் பிவி சோதனைக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2021-ல் அனுமதி கொடுத்தது. சுமார் 15 நிமிடத்தில் முடிவு வரும்.

சிஆர்பி மட்டும் தனியாக இருந்தால் ஏமாற்றும். போன வருடம் மகளுக்கு 39.8 டிகிரி, கண் சிவப்பு, தொண்டையில் வெள்ளைப் படலம். இரவு கிளினிக்கில் சிஆர்பி 92, பாக்டீரியாவோ என்று சந்தேகப்பட வைக்கும் அளவு. "ஆன்டிபயாட்டிக் கேளும்மா" என்று மாமியார் போனிலேயே நச்சரித்தார், டாக்டரும் எழுதிவிட்டார். மறுநாள் அடினோவைரஸ் என்று ரிப்போர்ட் வந்தது. பாக்டீரியா மாதிரியே சிஆர்பியை ஏற்றிவிடும் வைரஸ் அது. தெரிந்த நானே அன்று வாயைத் திறக்கவில்லை. மருந்தைக் குடித்து வயிற்றுப்போக்கில் அவதிப்பட்டது பிள்ளை.

இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். காய்ச்சல் வந்த 2 மணி நேரத்தில் குத்தினால் சிஆர்பி குறைவாகத்தான் காட்டும். அது ஏறுவது தெரியவே சுமார் 6 மணி நேரம் ஆகும், உச்சத்துக்குப் போக சுமார் 2 நாள் பிடிக்கும். பாக்டீரியாவாகவே இருந்தாலும் அப்போது பிடிபடாது.

அடுத்த முறை விரலில் குத்துவதற்கு முன் பையன் கையை உங்கள் உள்ளங்கைக்குள் வைத்துச் சூடாக்குங்கள். ஏசி அறையில் விரல் சில்லிட்டிருந்தால் ரத்தம் வராது. கசக்கிப் பிழிந்தால் திசுநீர் கலந்து எண் கெட்டுவிடும். காய்ச்சல் எத்தனை மணிக்குத் தொடங்கியது என்பதையும் சரியாகச் சொல்லுங்கள். நான் அதைத் தாளில் எழுதி ஐஸ்பெட்டிக் கதவில் ஒட்டிவைப்பேன். அதன் கீழே மாமியார், கஷாயம் கொடுத்த நேரத்தை எழுதி வைத்திருப்பார்.