மேலவளவு முருகேசன் யார்? ஊரில் அவரை எப்படி நினைவுகூர்கிறார்கள்?

மதுரை மாவட்டம் மேலூர் பக்கத்து ஊர் மேலவளவு. 1996-ல் அதன் ஊராட்சித் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. அதை எதிர்த்த ஆதிக்க சாதியினரின் மிரட்டல், தேர்தல் தள்ளிவைப்பு எல்லாம் தாண்டித்தான் முருகேசன் ஜெயித்தார். ஜெயித்த பிறகும் அவரை அவர்கள் நிம்மதியாகப் பணி செய்ய விடவில்லை.

1997 ஜூன் 30. மதுரையில் கலெக்டர் அலுவலகம் போய்விட்டுப் பேருந்தில் திரும்பிக்கொண்டிருந்தவரை வழிமறித்து, கூட இருந்த 5 பேரோடு சேர்த்து வெட்டிக் கொன்றார்கள். அவர் தலையைத் தனியே துண்டித்தும் எடுத்துப்போனார்கள். தலைவர் நாற்காலிக்கு ஆசைப்பட்டதற்கான தண்டனையாம் அது!

17 பேருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. அதில் 13 பேரை 2019-ல் முன்கூட்டியே விடுவித்தது அநியாயம் என்றே நினைக்கிறேன்.

அறுவரின் நினைவிடமான ‘விடுதலைக்களம்’ மேலவளவிலேயே இருக்கிறது. ஆண்டுதோறும் ஜூன் 30 அன்று வெளியூர்களிலிருந்தும் வந்து மாலை வைக்கிறார்கள்.