எங்கோ நடக்கும் போர் நம் நாட்டு அரசியலையும் அரசுத் திட்டங்களையும் உண்மையிலேயே மாற்றுமா?

போர் என்றால் டிவியில் நாலு நாள் விவாதம், மிஞ்சினால் பெட்ரோல் விலை ஏறும், வேறென்ன என்று கேட்டிருக்கிறீர்கள். வீட்டில் யாரும் வளைகுடாவில் வேலை பார்த்ததில்லை போலிருக்கிறது. கொடுத்து வைத்தவர்.

1990 ஆகஸ்ட் 2 அன்று ஈராக் படை குவைத்துக்குள் புகுந்தபோது என் அப்பா அங்கே ஒரு அரபி வீட்டில் டிரைவர். எனக்கு 11 வயது, ஊர் காட்டுமன்னார்கோயில் பக்கம். ஒன்றரை மாதம் கடிதம் இல்லை. பாக்தாத் வழியாக ஜோர்டான், அங்கே கூடாரத்தில் 18 நாள், அம்மானிலிருந்து விமானத்தில் பம்பாய், அப்புறம் ரயில். அப்படி மீட்டு வரப்பட்டவர்கள் 1,70,000 பேருக்கும் மேல். அப்பா வந்து இறங்கியபோது ஒரு ரெக்சின் பை, முகாமில் கொடுத்த சாம்பல் நிறப் போர்வை, பனியனில் உள்பை தைத்து வைத்திருந்த குவைத் தினார்கள். அந்த நோட்டை மாற்றித் தர ஒரு ஆள் கிடைக்கவில்லை. அம்மா அதை ரேஷன் கார்டுக்குள் மடித்து வைத்தார்.

எங்களைப் போன்ற வீடுகளுக்குப் பணம் வராவிட்டால் நாட்டுக்கும் அந்நியச் செலாவணி வராது. எண்ணெய் விலையும் ஏறியது. மத்திய அரசு பெட்ரோல் மீது 25 சதவீதம் சர்சார்ஜ் (கூடுதல் கட்டணம்) போட்டது, அதற்குப் பெயரே வளைகுடா சர்சார்ஜ். சந்திரசேகர் பிரதமரான பிறகு ஈராக்குக்கு எதிரான போருக்குப் போன அமெரிக்க ராணுவ விமானங்கள் பம்பாயில் எரிபொருள் நிரப்பிக்கொண்டன. அவரை வெளியிலிருந்து தாங்கிக்கொண்டிருந்த காங்கிரசே அதை எதிர்த்தது. ஆட்சி 1991 மார்ச்சில் கவிழ்ந்தது. (கவிழ்ந்தது ராஜீவ் வீட்டை வேவு பார்த்த அரியானா போலீஸ் விவகாரத்தில்தான், தெரியும். விரிசல் முன்பே விழுந்துவிட்டது என்கிறேன்.)

அந்நியச் செலாவணி கையிருப்பு வற்றிப்போனதால் 1991 ஜூலையில் ரூபாய் மதிப்பை இரண்டு முறை குறைத்தார்கள். ரிசர்வ் வங்கியின் 47 டன் தங்கம் அடகுக்கு லண்டன் போனது. அதற்கு முந்தின வாரம்தான் அம்மா, அப்பா குவைத்தில் வாங்கி வந்த சங்கிலியைக் கூட்டுறவு வங்கியில் வைத்திருந்தார். பேப்பரில் செய்தியைப் படித்துக் காட்டினேன். "கவர்மெண்டே வைக்குது, எனக்கென்னடா வெக்கம்" என்றார்.

அந்த மாத பட்ஜெட்டில் ரேஷன் சர்க்கரை கிலோவுக்கு 85 பைசா ஏறியது. உரத்துக்கு 40 சதவீத விலையேற்றம், எதிர்ப்பு கிளம்பியதும் 30 ஆகக் குறைத்து, சிறு விவசாயிகளுக்கு விலக்கு என்றார்கள். அப்பா திரும்பி வந்து தாத்தாவின் ஒன்றரை ஏக்கரில் இறங்கியிருந்தார். பட்டா தாத்தா பேரில், அதிலும் பங்காளிகள் மூன்று பேர். சிறு விவசாயி என்று சான்று வாங்க அவர் அலைந்து முடிப்பதற்குள் சம்பா நடவே முடிந்துவிட்டது. முழு விலை கொடுத்துத்தான் யூரியா வாங்கினோம்.

பொருளாதாரம் படித்தவர்கள் சண்டைக்கு வர வேண்டாம். 80களில் வாங்கிக் குவித்த கடன்தான் அடிப்படைக் காரணம், ஒப்புக்கொள்கிறேன். 91இல் தொடங்கிய பொருளாதாரச் சீர்திருத்தத்தால்தான் நீ இன்று ஐடியில் இருக்கிறாய் என்பீர்கள், அதுவும் சரி. ஆனால் குவைத்தில் குண்டு விழாமல் இருந்திருந்தால் மானியத்தில் கைவைக்க எந்த அரசுக்கும் அவ்வளவு சுலபமாகத் தைரியம் வந்திருக்காது.

குவைத்தில் அப்பா இழந்ததற்கு ஐநா நஷ்டஈடு பல வருடம் கழித்து வந்தது. சங்கிலி அதற்குள் ஏலத்தில் போய்விட்டது.

இதற்கும் கேள்விக்கும் சம்பந்தமில்லை, இருந்தாலும் சொல்கிறேன். அப்பா 89இல் கொண்டுவந்த டூ-இன்-ஒன் ரேடியோ கேசட் பிளேயரை, பெண் கல்யாணத்துக்கு என்று பெரியப்பா இரவல் வாங்கிப் போனார். அப்பா வேலையில்லாமல் உட்கார்ந்திருந்த நாளில், அதை விற்றாலாவது இரண்டு மூட்டை உரம் வரும் என்று கேட்டுப் போனதற்கு, ரிப்பேர் என்று சொல்லி அனுப்பினார். போன பொங்கலுக்குப் போயிருந்தேன். அவர் வீட்டுப் பரணில், உறை கூடக் கிழியாமல் இருக்கிறது.